வதந்தியும் வாய்மையும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பர் நம் முன்னோர். முடியாது என்பது ஒருபுறமிருக்க, மூடத்தான் வேண்டுமா? வேண்டுமாயின் எவருடைய வாயை, எந்த அளவுக்கு? 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல் இவ்வினாக்கள் இலங்கை மக்கள் முன் நின்று வருகின்றன. அவற்றுக்கு விடை தேடும் வரலாற்றில் நமது மதுரங்குளிக்கும் ஓர் இடம் உண்டு. ஆதலின் இம்மலரில் அதனை ஆராய்தல் பொருத்தமேயாகும்.

அவ்வாண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி காலை கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளிலும் தற்கொலையாளர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் புத்தாடை உடுத்து வழிபாட்டுக்குச் சென்ற குழந்தைகளும் இருந்தனர். கிறித்தவப் பாடசாலையில் பயின்ற என்போன்ற இந்து மாணவருக்கு அஃது அயலார் வீட்டுத் துயரமன்று. ஒரே வாங்கில் உடனிருந்து படித்த தோழரின் திருநாள் துக்க நாளாகிய கொடுமை அது.

அபாயம் கற்பனையன்று என்பதையும் முதற்கண் கூறிவிடல் வேண்டும். அத்தாக்குதலுக்கு மூன்று மாதங்களுக்கு முன், 2019 ஜனவரியில், நமது புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டம் ஒன்றில் பெருந்தொகையான வெடிபொருள் கண்டெடுக்கப்பட்டது. ஆகவே மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அச்சம் வேறு, அச்சம் பெற்றெடுக்கும் கதை வேறு. பெருந்துயர் நேர்ந்தவிடத்து மனித மனம் அதற்கேற்ற பெரியதொரு காரணத்தைத் தேடுகின்றது. சிலர் செய்த கொடுமை என்று கொள்ள அதற்கு மனம் வருவதில்லை. ஓர் இனமே கூடிச் செய்த சதி என்று கொள்ளின், கோபத்துக்கு ஓர் இலக்குக் கிடைத்துவிடுகின்றது.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் சோனகருக்கும் மூண்ட கலகம் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது பிரித்தானியர் ஜேர்மனியுடன் போரில் ஈடுபட்டிருந்தனர். தேசாதிபதி சாமர்ஸின் ஆட்சி, இக்கலகத்தில் பேரரசைக் கவிழ்க்கும் சதியைக் கண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய எஃப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் சிறையிலடைக்கப்பட்டனர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வதந்தியை நம்புவோர் தெருவில் மட்டுமல்லர், அரசாங்க மாளிகையிலும் இருப்பர் என்பதை நாடு அன்று கண்டது.

அவ்வேளையில் சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று இராணுவச் சட்டக் கொடுமைகளைக் கண்டித்தவர் பொன்னம்பலம் இராமநாதன். இங்கிலாந்து சென்று வாதாடியும், 1916இல் நூலெழுதி வெளியிட்டும் அவர் உண்மையை எடுத்துரைத்தார். போர்க்காலத்திலும் ஆட்சியாளரின் கதையை மறுத்துரைக்க ஒருவருக்கு வாய் இருந்தமையால் நீதி பிழைத்தது. ஆயினும் அவர் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடிய அளவுக்குக் கடையிழந்து உறவிழந்த சோனகரின் துயரைப் பேசவில்லை என்ற மனப்புண் முஸ்லிம் மக்களிடம் நெடுங்காலம் இருந்தது. நம்மவர் பெருமையைப் பேசுமிடத்து இக்குறையையும் மறைத்தல் முறையன்று.

இனி 2019க்கு மீள்வோம். அந்த மே மாதம் 12ஆந் திகதி சிலாபத்தில், கடை நடத்தும் முஸ்லிம் ஒருவர் முகநூலில் நடந்த வாக்குவாதமொன்றில், அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். சண்டையிட்டவனுக்கு எழுதிய மறுமொழி அது. அடுத்த குண்டுக்கான எச்சரிக்கை என்று ஊர் அதனை வாசித்தது. கடைகளும் பள்ளிவாசலும் கல்வீச்சுக்கு உள்ளாயின, ஊரடங்கு பிறந்தது. மறுநாள் கலவரம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளுக்குப் பரவிற்று. நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார்.

அம்மாதம் 23ஆந் திகதி சிங்கள நாளேடு ஒன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 பௌத்தப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாளே குருநாகல் வைத்தியசாலை மருத்துவர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆராய்ந்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென நீதிமன்றுக்கு அறிவித்தது. பின்னர் 2022இல் நிலுவைச் சம்பளம் கைக்கு வந்தபோது, அதனை வைத்தியசாலை மருந்துகள் வாங்க அவர் நன்கொடையாக அளித்தார். கதையைக் கட்டியவர்களின் வாயை விட அக்கொடை உரத்துப் பேசிற்று.

இனி நம் ஊர்க் கதை. அஹ்னாப் ஜஸீம் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர். மதுரங்குளியில் தனியார் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்தவர். 'நவரசம்' என்னும் அவரது தமிழ்க் கவிதை நூல் 2017இல், அதாவது குண்டுகள் வெடிப்பதற்கு ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு முன்னர், வெளிவந்தது. 2020 மே 16ஆந் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது, மாணவருக்கு அதனைப் போதித்தார் என்பன குற்றச்சாட்டுகள். தமிழறிந்தோர் நூலைப் படித்துப் பார்த்தபோதோ, வன்முறையையும் ஐ.எஸ். இயக்கத்தையும் கண்டிக்கும் கவிதைகளையே அதிற் கண்டனர். ஆயினும் ஏறத்தாழ 19 மாதங்கள் சிறையிலிருந்த பின்னரே, 2021 டிசம்பரில், அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுதலை செய்தது.

முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்தது இது என எண்ணற்க. குண்டுவெடிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதாகி நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். அவரைப் பிடித்தது, இன மத வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிப்பதற்கென 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம். பலவீனரைக் காப்பதற்கு எடுத்த வாள், பேனா பிடித்த கையை வெட்டிற்று. பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979இல் தமிழ் இளைஞரை மனத்திற் கொண்டு தற்காலிகமாக இயற்றப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கசப்பைத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் சதியைப் பற்றிப் பேசுவதே குற்றமா? அன்று. பின்னணியில் யார் இருந்தனர், முன்னரே அறிந்தவர் யார் என்று உறவிழந்தோர் கேட்டனர். அவ்வாறு கேட்பதும் பழிதூற்றல் எனச் சிலருக்குப் பட்டது. 2021இல் இதுபற்றிப் பேசிய கத்தோலிக்கக் குரு ஒருவரைப் புலனாய்வுத் திணைக்களம் அழைத்து விசாரித்தது. ஆனால் அக்கேள்வி வீண்போகவில்லை. தாக்குதல் பற்றி இந்தியாவிடமிருந்து ஏப்பிரல் 4ஆந் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. 2023 ஜனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், கடமையைச் செய்யத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பொலிஸ், பாதுகாப்பு, புலனாய்வுத் துறைகளின் தலைமையில் இருந்தோருக்கும் இழப்பீடு விதித்தது. அரசின் கூற்றை மட்டுமே பேசலாம் என்றிருப்பின் இத்தீர்ப்பு பிறந்திருக்குமா?

இவ்விரண்டையும் வேறுபடுத்துவதிலேயே பேச்சுரிமையின் எல்லை இருக்கின்றது. உறவிழந்தோரின் வினா, அதிகாரம் உடையவரை நோக்கி, ஆதாரத்தைக் காட்டு என்றது. மருத்துவர் மீது கட்டிய கதை, அதிகாரமில்லாத அயலானைச் சுட்டி, ஆதாரமின்றியே தண்டி என்றது. முன்னது தவறாயிருப்பினும் விடையளித்தால் தீரும். பின்னது கடையை எரிக்கும், உயிரைக் குடிக்கும். நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகின்றது. 15ஆம் உறுப்புரை அதற்கு வரம்பிட இடந்தருகின்றது. வரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. வன்முறைக்கு ஆள் திரட்டும் சொல்லைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் வரம்பைக் காப்பவன் சொல்லை முழுமையாக, அது எழுதப்பட்ட மொழியிலேயே, படிக்கத் தெரிந்தவனாயிருத்தல் வேண்டும். சிலாபத்து ஊராரும் நவரசத்தின் மேல் வழக்குத் தொடுத்தோரும் தவறியது இவ்விடத்திலேயே. 2024இல் இயற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும், இனி வரும் எச்சட்டத்தையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நேர்மை.

தமிழருக்கு இவ்வுண்மையைக் கற்பிக்கப் பிறநாட்டு அறிஞர் வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி வந்து கேட்டது ஒன்றுதான்: சிலம்பை உடைத்துப் பார். உள்ளே இருந்தவை முத்துக்களல்ல, மாணிக்கங்கள். பார்க்க ஒரு கணம் போதுமாயிருந்தது. அந்தக் கணத்தைக் கொலைக்கு முன் செலவிட அரசனுக்கு மனம் வரவில்லை. நவரசம் என்னும் சிலம்பையும் திறந்து பார்த்துத் தீர்ப்பளிக்க மூன்றரை ஆண்டுகள் சென்றன.

இந்து வாலிபர்களாகிய நாம் இம்மண்ணில் முஸ்லிம்களோடும் கத்தோலிக்கரோடும் பௌத்தரோடும் ஒரே பேருந்தில் செல்கிறோம், ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். அயலானைப் பற்றிய ஒரு கதை நம் கைப்பேசிக்கு வரும்போது, அதனை அடுத்தவருக்கு அனுப்புமுன் உடைத்துப் பார்ப்பது நம் கடன். அயலான் எழுதிய நூலுக்காகச் சிறைப்பட்டால், அவன் மதம் எதுவெனக் கேளாது, அந்நூலைப் படித்துவிட்டுப் பேசுவதும் நம் கடன். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே உயிர்விட்டான். நம்மிடம் எவரும் அத்துணை பெரிய ஈட்டைக் கேட்கவில்லை. நாம் பரப்பியது பொய்யென்று தெரிந்த அன்றே, பரப்பிய அதே வாயால் அதைச் சொல்லிவிட்டால் போதும்.