மட்டை பிடித்த கையும் பாடம் சொன்ன கையும்



பரிசளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளையைப் பார்த்து, "இவன் இனிமே தேறிடுவான்" என்கிறோம். வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. இது சரிதானா? ஹாக்கி வீரர் ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஹாக்கி நமக்குப் புதிய ஆட்டமல்ல. 1975-இல் உலகக் கிண்ணப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அரையிறுதியில் மலேசியா 3-2 என்று இந்தியாவிடம் தோற்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. கிண்ணத்தை இந்தியா கொண்டுபோனது.

அப்படிப்பட்ட இந்தியா, மறு வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கிவிட்டது! ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது அங்கேதான். புல்தரையில் பழகிய கைகளுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. அந்த அணியில் ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் வாசுதேவன் பாஸ்கரன். 1950-இல் தமிழ்நாட்டின் ஆரணியில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர்.

தோற்று வந்தவர் மட்டையைக் கீழே போடவில்லை. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இந்திய அணித் தலைவராகப் போனார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. நம் மலேசியாவும் போகவில்லை. ஹாக்கிக்கு வந்தவை ஆறே அணிகள். இந்தியா தான்சானியாவை 18-0 என்று வென்றது. போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 என்று சமநிலை கண்டது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு அது எட்டாவது தங்கம். 1981-இல் பாஸ்கரனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"பாகிஸ்தான் வரல, மேற்கு ஜெர்மனி வரல, அப்புறம் என்ன தங்கம்?" என்று குறை சொல்பவர்கள் உண்டு. வராதவர்களுக்கு அவர் என்ன செய்வார்? வந்தவர்களை வென்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் பிறகு பயிற்சியாளர் ஆனார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கொண்டுபோனார். போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கிவிட்டது. கதவு அடைபட்டது; மறுபடியும் ஏழாம் இடம். 2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்துக்கும் அவரே பயிற்சியாளர். 12 அணிகளில் இந்தியாவுக்குக் கிடைத்தது 11-ஆம் இடம்.

ஏன் இப்படி? ரப்பர்க் காலத்தில் மரம் வெட்டியவர்களுக்கு விளங்கும். ஒருவர் உளி பிடித்தால் பட்டையில் காயமே விழாது. ஆனால் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவரே திணறுவார். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது வேறு தொழில். பையன் மரத்தைக் காயப்படுத்தினால் ஏச்சு இவருக்கும் சேர்த்துத்தான்.

அதற்காக, ஆடியவரால் பயிற்சி கொடுக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். மாஸ்கோ இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் போட்ட கௌசிக், 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் பயிற்சியாளராக இருந்து, 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

பாஸ்கரன் தங்கப் பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். சிட்னியில் அடிபட்ட பின்னும் மீண்டும் போனாரே, அதுதான் பெரிது. தன் பெயர் கெடலாம் என்று தெரிந்தும் பிள்ளைகளுக்காக மைதானத்தில் நிற்பவரே ஆசிரியர் என்பேன்.

மாஸ்கோவுக்குப் பின் இந்தியாவுக்கு அடுத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் 2021-இல் டோக்கியோவில்தான் கிடைத்தது. அதுவும் வெண்கலம். இடையில் 41 ஆண்டுகள்!

பரிசு வாங்கிய தம்பி தங்கைகளே, இது முடிவல்ல. பக்கத்து மேசைப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அங்கேதான் அடுத்த பரீட்சை. பரிசு வாங்காதவர்களே, மாண்ட்ரியலில் ஏழாவதாக வந்தவர்தான் மாஸ்கோவில் அணித் தலைவர். பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பிள்ளைகளிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.