தோற்படகும் கடற்றிரையும்

கரையை நோக்கி வரும் திரையானது, தன் உயரத்தைக் காட்டிலும் சிறிதே மிகுந்த ஆழமுள்ள நீரை அடைந்ததும் முறிந்து விழுகின்றது. அவ்விடத்திலே சிறுபடகொன்றிற் புதிதாக அமர்ந்திருப்பவனை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். திரை படகின் பின்புறத்தைத் தூக்குகின்றது, முனை தாழ்கின்றது, படகு திரும்பித் திரைக்குக் குறுக்கே கிடக்கின்றது. நுரை தன்மேல் விழுவதைக் கண்டவன் அஞ்சிக் கரைப்பக்கமாகச் சாய்கின்றான். சாய்ந்த மறுகணமே கவிழ்கின்றான். அவன் சாய வேண்டியது திரையின் பக்கம். துடுப்பை ஊன்ற வேண்டியதும் அத்திரையின் மீதே. இன்று அலைச்சவாரிக்கென ஆக்கப்படும் கயாக் படகைப் பழகுவோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. அறிவு இதனை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளும்; உடம்பு ஏற்பதற்கோ பல நாட் செல்லும்.

கயாக் விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. முன்னாளில் எஸ்கிமோவர் என்று நூல்கள் குறித்த இனுயிற் மக்களின் வேட்டைக் கருவி அது. மரம் அரிதான கிறீன்லாந்திலே, கடல் ஒதுக்கிய மரத்தாற் சட்டம் அமைத்தனர் ஆடவர். சீல் தோலைத் தைத்து அதன்மேற் போர்த்தினர் பெண்டிர். படகின் அளவு ஏறுபவனின் உடலளவே. நாம் தையற்காரனிடம் சட்டைக்கு அளவு கொடுப்பது போல, அவன் கைவிரிப்பையும் இடுப்பையும் கொண்டு நீளத்தையும் அகலத்தையும் கணித்தனர். எனவே ஒருவனுடைய கயாக் மற்றொருவனுக்கு எளிதில் இசையாது.

நம் கரையோர மீனவரின் கட்டுமரத்தில் ஏறும் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கயாக்கிலோ, வேட்டுவன் நீர்புகாத தோற்சட்டையைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டிப் படகோடு ஒன்றாகிவிடுவான். கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான். உறைபனிக் கடலில் நீந்திப் பிழைப்பது அரிது. ஆகவே துடுப்பை வீசி நீருக்கடியிலிருந்து உருண்டு நிமிரும் வித்தையை அம்மக்கள் கண்டனர்.

ஐரோப்பியர் இதனை நெருங்கிக் கற்றமை தற்செயலாக நேர்ந்தது. 1888இல் கிறீன்லாந்தின் பனிமேட்டைக் குறுக்கே கடந்த நோர்வே நாட்டு நான்சன், மேற்குக் கரையிலுள்ள கொட்ஹாப் என்னும் ஊரை அடைந்தபோது, அவ்வாண்டிற் கப்பலேறி ஊர் திரும்பும் வாய்ப்புத் தவறிவிட்டது. இன்று நூக் எனப்படும் அவ்வூரிலே குளிர்காலம் முழுவதும் தங்கிக் கயாக் பழகினார். 1891இல் அம்மக்களைப் பற்றி நூலும் எழுதினார். கப்பல் தவறாதிருப்பின் அந்நூல் எவ்வாறு அமைந்திருக்குமோ! ஒஸ்திரியரான பவ்லாற்றா என்பவர் இத்தகைய நூல்களைப் படித்தே, ஆசானின்றி, 1927இல் கவிழ்ந்து நிமிரும் வித்தையைத் தாமாகச் செய்து காட்டினார். எழுத்தால் மட்டும் இதனைக் கற்கலாம் என்று அதற்குமுன் யாரேனும் கூறியிருப்பின் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆங்கிலேயரான ஜினோ வற்கின்ஸ் நேர்வழியிற் கற்றார். 1930இல், இருபத்துமூன்று வயதில், ஆராய்ச்சிக் குழுவொன்றின் தலைவராகக் கிழக்குக் கிறீன்லாந்துக்குச் சென்றவர், அவ்வூர் வேட்டுவரிடமே கயாக் பயின்றார். கவிழ்ந்து நிமிரவும் சீல் வேட்டையாடவும் வல்லவரானார். எனினும் 1932 ஆகஸ்ட் 20ஆம் நாள் தனியே வேட்டைக்குச் சென்றவர் மீளவில்லை. அவரது கயாக் கவிழ்ந்து மிதந்தது, காற்சட்டை பனிக்கட்டியொன்றின் மேற் கிடந்தது, உடல் கிடைக்கவேயில்லை. ஆசான்மாராகிய அவ்வேட்டுவர் குலத்திலும் கயாக்கில் மாண்டோர் பலர் என்பதை இங்கு மறத்தலாகாது.

பின்னர் கண்ணாடி நாராலும் பிளாஸ்ரிக்காலும் படகு வார்க்கும் முறை வந்தது. வேட்டைக் கயாக் நீண்டு ஒடுங்கியது. நேரே விரைந்து செல்வது அதன் இயல்பு. அலைச்சவாரிக் கயாக்கோ குறுகியது; அடி தட்டையானது; ஓரம் கூரியது. இடுப்பைச் சிறிது அசைத்தாலே திரும்பிவிடும். நீள்படகில் தேர்ந்தவனும் இதில் ஏறிய முதல்நாள் தடுமாறுவான். அங்கே அவனுக்குத் துணைநின்ற கைப்பழக்கமே இங்கே அவனைக் குறுக்கே திருப்பி வீழ்த்தும். ஆதலாற் பயிற்றுவோர் முழங்கால் உயரத் திரையில், மணற்கரையில், பிறர் அருகிருக்கத் தொடங்குமாறு கூறுவர்.

கிறீன்லாந்திலோ இயந்திரப் படகு பரவியபின் கயாக் வேட்டை அருகியது. 1980களில் இளைஞர் கழகங்கள் அமைத்து, எஞ்சியிருந்த முதியோரிடம் அக்கலையை மீளக் கற்றனர். இன்று அங்கு நடைபெறும் போட்டிகளில், கவிழ்ந்து நிமிரும் முறைகள் முப்பதுக்கு மேல் உள்ளன. துடுப்பின்றி வெறுங்கையால் நிமிர்வது அவற்றுள் ஒன்று; கையிலே செங்கல்லை ஏந்திக்கொண்டு நிமிர்வது மற்றொன்று.