நெல்லியடி வீடுகளின் உள்ளமைப்பு

நெல்லியடி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில், யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் அமைந்த ஊர். கரவெட்டிப் பிரதேசத்தின் முதன்மைக் கடைத்தெரு இதன் சந்தியைச் சுற்றியே வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுவோர் ரைல்ஸ், பெயின்ற், தளபாடம், யன்னல் கண்ணாடி தேடி வருவதும் இங்கேதான். இன்று இப்பகுதியில் எழும் புது வீடுகளில் பளபளக்கும் தரையோடும், சீலிங்குக்குள் பதித்த விளக்குகளும், சுவரோடு பொருத்திய பான்ட்ரி அலுமாரிகளும் வழமையாகிவிட்டன. இதைப் பார்ப்போர் வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்த நாகரிகம் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர் வீடுகளின் உட்புறத்தை மாற்றியது அழகு பற்றிய ரசனை மட்டுமல்ல. வீட்டுக்குள் யார் எதுவரை வரலாம், யார் எங்கே இருக்கலாம், வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்ற மூன்றும் மாறியபோதெல்லாம் உள்ளமைப்பும் மாறியிருக்கிறது. நிறமும் பொருளும் அந்த மாற்றத்தின் பின்னால் வந்தவை.

பழைய வீடு என்றதும் பலருக்கு நாற்சார் வீடே நினைவுக்கு வரும். ஆனால் குடாநாட்டின் பெரும்பாலான குடும்பங்கள் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட தனித்தனிக் கட்டடங்களிலேயே வாழ்ந்தன. வீடு, தலைவாசல், அடுக்களை என்ற மூன்றும் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும். வீடு எனப்பட்டது யன்னல் இல்லாத, இருண்ட ஓர் அறை. பெட்டகம், நெல், ஒடியல், பினாட்டு என்று பாதுகாக்க வேண்டியவை எல்லாம் அதற்குள் இருக்கும். தலைவாசல் அரைச்சுவரோடு திறந்து கிடக்கும். ஆண்கள் படுப்பதும் வந்தவர்களை இருத்துவதும் அங்கே. ஓலைக் கூரைக்கு நெருப்புப் பயம் என்பதால் அடுக்களை தள்ளி நின்றது. தளபாடம் என்று சொல்ல அதிகம் இல்லை: சுருட்டி வைக்கும் பாய், தொங்கும் உறி, உடுப்புப் போடும் கொடிக்கயிறு, மூலையில் கடகமும் சுளகும். சாணம் மெழுகிய நிலமும் விசேட நாளில் வாசலில் வைக்கும் நிறைகுடமும் மாவிலைத் தோரணமும்தான் அலங்காரம். எது எங்கே என்பதில் மட்டும் இந்த வீடு மிகக் கண்டிப்பானது. பெண்ணின் இடம், ஆணின் இடம், வெளியாளின் இடம் ஆகியவை சுவரே தேவைப்படாத அளவுக்கு வெவ்வேறு கூரைகளின் கீழ் பிரிந்திருந்தன.

வசதி படைத்தோரின் நாற்சார் வீடு இதே ஒழுங்கைக் கல்லாலும் ஓட்டாலும் நிலைநிறுத்தியது. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிய, மாரி மழை முற்றத்தில் விழுந்து வாய்க்கால் வழியே வெளியேறும். முன்புறத்தில் விறாந்தை, தூண்கள், திண்ணை. தெருவோரம் சிறு கூரை போட்ட சங்கடப்படலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் றெயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய சம்பளமும், ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களின் பென்சனும் குடாநாட்டில் கல்வீடுகளைப் பெருக்கின. விறாந்தையில் சாய்மனைக் கதிரையும் சுவரில் சட்டமிட்ட குடும்பப் படங்களும் அச்சடித்த சாமிப் படங்களும் இடம்பிடித்தன. ஆகவே வெளிநாட்டுப் பணத்தால் வீட்டை அலங்கரிப்பது கனடாவும் இலண்டனும் தொடக்கிவைத்த பழக்கம் அல்ல. மலாயாப் பணத்துக்கும் இன்றைய பணத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மலாயாவில் உழைத்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பி அந்த விறாந்தையிலேயே முதுமையைக் கழித்தார்கள்.

அந்த விறாந்தையும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சாதி ஒழுங்கு வீட்டின் உள்ளமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. சிலர் விறாந்தைக் கதிரையில் இருக்கலாம், சிலர் திண்ணையில், சிலர் முற்றத்து மண்ணில்; சிலர் படலைக்கு உள்ளேயே வரக்கூடாது. தண்ணீர் கொடுக்கும் பாத்திரமும் வேறாக இருந்தது. 1920களின் இறுதியில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கவும் உண்ணவும் வேண்டும் என்று வந்தபோது குடாநாட்டில் பள்ளிகளுக்கே தீ வைக்கப்பட்டது. ஒரு வாங்கில் யார் இருப்பது என்பது அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. கரவெட்டியும் நெல்லியடியும் இந்த ஒழுங்கை எதிர்த்த இயக்கங்கள் வேரூன்றிய இடங்கள். தேவரையாளி இந்துக் கல்லூரி ஒடுக்கப்பட்டோரின் கல்வி முயற்சியாகவே எழுந்தது. கரவெட்டியைச் சேர்ந்த பொன். கந்தையா 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் பருத்தித்துறைத் தொகுதியில் வென்றார். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் போராட்டங்கள் குடாநாடெங்கும் பரவின. உள்ளலங்காரத்தின் வரலாற்றில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நேரடியான வேலைதான். பொது இடங்களில் இருக்கை சமமான பிறகே, வருபவர் எவரையும் ஒரே செற்றியில் இருத்தும் ஹோல் என்ற அறை இவ்வூரில் பொருள் பெற்றது. திண்ணை மறைந்ததற்காக வருந்துவோர் அதில் இருத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த ஹோலுக்குக் கட்டடப் பொருள் தந்தது சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல்லே அதன் மூலப்பொருள். சாணத் தரை இருந்த இடத்தில் சிவப்புச் சாயம் கலந்து மினுக்கிய சீமெந்து நிலம் வந்தது. மெழுகு பூசிப் பொச்சால் தேய்க்கத் தேய்க்க அந்த நிலம் கண்ணாடிபோல வரும். கோடை வெயிலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் நிலத்தில் படுத்துவிடலாம் என்பதே அதன் பெரிய சிறப்பு. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரரின் கையில் முன்பு காணாத பணம் புழங்கியது. கல்வீடு உத்தியோகத்தரின் அடையாளம் என்ற நிலை அதனால் தளர்ந்தது. சீதனமும் இதே திசையில் தள்ளியது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் பெண்ணின் சீதனச் சொத்தை அங்கீகரித்தது. மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமை என்ற எண்ணம் ஆழ வேரூன்றியது. இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் உள்ள குடும்பம் பரந்த வளவைப் பிரித்து ஆளுக்கொரு வீடு கட்ட வேண்டியிருந்தது. துண்டுக் காணியில் நான்கு சாருக்கு இடமில்லை. முற்றம் சுருங்கி, அதன் இடத்தைக் கூரையிட்ட ஹோல் எடுத்துக்கொண்டதற்கு ரசனையைவிட இந்தக் காணிப் பிரிப்பே வலிய காரணம்.

இதெல்லாம் கொழும்பைப் பார்த்துச் செய்ததே என்று ஒரு மறுப்பு எழலாம். சில பொருட்களைப் பொறுத்தவரை அது சரி. உள்ளமைப்பைப் பொறுத்தவரை கொழும்பில் நடந்ததையே சான்றாக வைத்துப் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, பழைய நடுமுற்றத்தை நகரத்தின் சிறு காணிக்குள் மீட்டெடுத்தது. அதன் பிறகு இலங்கையின் நவீன வீட்டுக் கலைக்கே அது முன்மாதிரியானது. வசதி படைத்த கொழும்பு முற்றத்துக்குத் திரும்பிய அதே ஆண்டுகளில் வடமராட்சி முற்றத்தை மூடிக்கொண்டிருந்தது. தலைநகரைப் பார்த்துச் செய்பவர்கள் என்றால் இப்படி எதிர்த்திசையில் போயிருக்க மாட்டார்கள். பாவாவின் வாடிக்கையாளருக்கு முற்றம் கலையாகத் தெரிந்தது. முற்றத்தில் நின்று பேச வேண்டியிருந்தவர்களின் பிள்ளைகளுக்கும், ஒவ்வொரு மாரியிலும் அதன் ஈரத்தைத் துடைத்த பெண்களுக்கும் அது அப்படித் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

போர் இந்த வளர்ச்சியைக் குலைத்தது. வீட்டின் உட்புறத்துக்கே புதுப் பொருளும் கொடுத்தது. 1987 மே மாதம் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் வடமராட்சி இராணுவத்தின் கைக்குப் போனது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாக மாறியது; அதே ஆண்டு யூலை 5 அன்று அதன்மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 1990இல் காங்கேசன்துறை ஆலை மூடப்பட்டது, மின்சாரம் நின்றது, சீமெந்தும் எரிபொருளும் பொருளாதாரத் தடைக்குள் வந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்த விளக்கே வீட்டுக்கு வெளிச்சம்; எல்லோரும் அதைச் சுற்றி ஒரே அறையில் இருந்தார்கள். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் வளவில் சேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியும் வடமராட்சியும் அந்த மக்களை ஏற்றன; ஒரு ஹோலைச் சேலைகளால் மறைத்து நான்கைந்து குடும்பங்கள் வாழ்ந்தன. விட்டுப்போன வீடுகளிலோ ஓடும் தீராந்தியும் கதவு யன்னல் நிலைகளும் கழற்றிக் கொண்டுபோகப்பட்டன. முதிரையாலும் பாலையாலும் ஓடாவிமார் செய்த வேலைப்பாட்டுக் கதவுகள் எத்தனையோ அப்படிப் போயின. பழையதைப் பேணாமல் புதியதை வாங்குகிறார்கள் என்று குறைசொல்வோர் இதை மறக்கக்கூடாது. தமிழகத்தின் செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிச் சந்தையில் விலைக்குப் போயின, தேடினால் இன்றும் கிடைக்கும். இங்கே போனவற்றில் பெரும்பகுதிக்கு இருப்பிடமே இல்லை.

2009இல் போர் முடிந்த பிறகு வந்த வீடு இந்த வெறுமையின்மேல் எழுந்தது. இந்திய வீடமைப்புத் திட்டம் 2012 முதல் வடக்கு கிழக்கில் பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தது. ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் அடங்கும் அந்த வீடுகளில் ஹோல், அறைகள், குசினி எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. மறுபுறம் ஏ-9 வீதி நிலையாகத் திறந்ததும் கொழும்புப் பொருட்கள் லொறியில் நேரே வந்து இறங்கின. வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய பணத்தில் அற்றாச் பாத்ரூம், கிறில் போட்ட அகன்ற யன்னல், ரீவிக்கென்று அலங்கரித்த சுவர், சாமியறைக்கு வேலைப்பாட்டுக் கதவு என்று வீடுகள் உயர்ந்தன. அறைக்கு அறை குளியலறை வைப்பதைப் பலர் ஆடம்பரமாகப் பார்க்கிறார்கள். வளவின் கோடியில் இருந்த கழிப்பறைக்கு இரவில் ரோச் பிடித்துப் போன முதியவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த நூற்றாண்டின் மிக நல்ல மாற்றம் அதுவே. கவலை தருவது வேறொன்று. பல வீடுகள் யூலை, ஓகஸ்டில் ஊருக்கு வரும் பிள்ளைகளின் சில வாரங்களை மனதில் வைத்துக் கட்டப்படுகின்றன. மற்ற மாதங்களில் வயதான தாயோ தந்தையோ தனியே இருக்கிறார்கள். மினுங்கும் ரைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். மேல்மாடி அறைகள் பூட்டிக் கிடக்கும். வெளியூர்ப் பிள்ளைக்காக வடிவமைத்த வீட்டில் உள்ளூர் முதுமை வாழ வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு வெப்பத்தைப் பற்றியது. நாற்சார் வீடு குளிர்ந்தது, கொங்கிறீற் வீடு அவிகிறது, ஆகவே பழையதற்குத் திரும்ப வேண்டும் என்பது அந்த வாதம். வெப்பம் பற்றிய பகுதி உண்மை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய பிளாற் இரவில் அதை அறைக்குள் இறக்குகிறது. தாழ்ந்த சீலிங் காற்றின் இடத்தைக் குறைக்கிறது. நாற்புறமும் எழுப்பிய மதில் சோளகக் காற்றை யன்னலுக்கு வரவிடாமல் தடுக்கிறது. ஆனால் நாற்சாரைக் குளிர்வித்தவை ஓட்டுக் கூரையின் உயரம், ஆழமான தாழ்வாரம், காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகும் வழி ஆகியவை. அந்த வீட்டின் இருண்ட அறைகளையும் அதற்குள் இருந்த ஏற்றத்தாழ்வையும் மீட்காமலே இம்மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். நெல்லியடிக்கு வேண்டிய புதுமை இதுதான். வரைபடம் கீறும்போதே தீர்மானித்துவிட்டால் இதற்கு அலங்காரச் செலவைவிடக் குறைந்த பணமே போகும். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இல் ரூபாவின் வீழ்ச்சியும் தரையோடு, குளியலறைப் பொருட்களின் விலையை ஏற்றியபோது, பலருக்கு முதலில் கைவிட வேண்டியிருந்ததும் அந்த மேற்பூச்சுகளைத்தான்.

குசினியின் கதையில் இந்தப் போக்குகள் எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. தள்ளி நின்ற அடுக்களை ஒரே கூரைக்குள் வந்தது. பின்னர் ஹோலில் இருந்து பார்க்கத்தக்க பான்ட்ரியாகவும் மாறியது. சமைப்பவர் நின்றபடி வேலை செய்ய உயர்ந்த மேடையும், கையெட்டும் தூரத்தில் தண்ணீரும் கிடைத்தன. குனிந்து புகையூதிய தலைமுறையின் பார்வையில் இது சிறிய பேறு அல்ல. ஆயினும் பல வீடுகளில் பான்ட்ரிக்கு அப்பால், பின்கதவைத் தாண்டி, தகரக் கூரைக்குக் கீழ் இன்னொரு குசினியும் இருக்கிறது. அங்கேதான் மீன் வெட்டுப்படும், மிளகாய்த்தூளுக்கு வறுபடும், கூழ் காய்ச்சப்படும். பாளையும் மட்டையும் சிரட்டையும் அடுக்கியிருக்கும். முன்குசினி காட்டுவதற்கு, பின்குசினி சமைப்பதற்கு என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. 2021 இறுதியில் நாடெங்கும் எரிவாயு சிலிண்டர் வெடிப்புகள் அச்சமூட்டி, 2022இல் சிலிண்டரே கிடைக்காமல் போனபோது, இந்தப் பின்குசினி உள்ள வீடுகளில் உலை தடையின்றிக் கொதித்தது. வீடமைப்புத் திட்டங்களின் வரைபடங்களிலும் கடைகளின் விளம்பரப் படங்களிலும் அதற்கு இடமில்லை. அதைக் கட்டச் சொல்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். மேசன் வேலை முடிந்து போகும் கடைசி வாரத்தில், மிஞ்சிய கல்லையும் தகரத்தையும் கொண்டு அது எழுகிறது.