ஒரு மூலக்கூறு கனமுள்ள படலத்தின் சரித்திரம்

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில், நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு, சமையலும் பாத்திரம் கழுவுதலுமாக நாட்களைக் கழித்துவந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் என்னும் இளம்பெண், எண்ணெய்ப் பசை படர்ந்த நீரின் இழுவிசை சுத்தமான நீரின் இழுவிசையைப் போல் இருப்பதில்லை என்பதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியது ஏறக்குறைய 1880-ஆம் ஆண்டில். பெண்களுக்குச் சர்வகலாசாலைகள் இடம் தராத காலம் அது. பௌதிகம் பயின்ற தம்பி அனுப்பிய புஸ்தகங்களைக் கொண்டே அவர் சாஸ்திரம் கற்றார்.

நீண்ட தகரத் தொட்டி ஒன்றை விளிம்புவரை நீரால் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை இட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்தி மேற்பரப்பின் விஸ்தீரணத்தை வேண்டியபடி குறுக்கவும் பெருக்கவும் வழிசெய்துகொண்டு, சிறு தராசில் தொங்கவிட்ட ஒரு பொத்தானை நீரினின்றும் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அவர் அளந்தார். படலத்தைக் குறுக்கிக்கொண்டே வந்தால் ஓர் எல்லைவரை இழுவிசை மாறாமலே இருந்து, அவ்வெல்லையைத் தாண்டியதும் சடுதியில் குறைந்துபோவதைக் கண்டார். மூலக்கூறுகள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் நிலையே அந்த எல்லை என்பது பின்னால் விளங்கிற்று.

இங்கிலாந்தில் ராலே பிரபுவும் அப்போது நீரில் படரும் எண்ணெயையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1890-இல் ஆலிவ் எண்ணெய்ப் படலத்தின் கனத்தை 1.6 நானோமீட்டர் அளவில் மதிப்பிட்டிருந்தார். அவருக்கு 1891 ஜனவரியில் போக்கெல்ஸ் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். முகமறியாத ஒருவர் அடுக்களைச் சாமான்களைக் கொண்டு தமக்கு முன்பே இவ்வளவு தூரம் வந்துவிட்டதைக் கண்ட பிரபு, அக்கடிதத்தைத் தம் மனைவியைக்கொண்டு மொழிபெயர்ப்பித்து, தமது சிபாரிசுடன் 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்ப, அது அவ்வாண்டு மார்ச் மாதமே பிரசுரமாயிற்று. அம்முடிவுகளை மதிக்குமளவு இந்தப் பெருந்தன்மையையும் மதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

போக்கெல்ஸுக்கு நூறாண்டுக்கு முன்னரே பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனையடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, ஏறக்குறைய அரை ஏக்கர் நீர் கண்ணாடிபோல் அமைதியுற்றதைக் கண்டு 1774-இல் எழுதியிருந்தாலும், அந்த எண்ணெயின் அளவை அந்தப் பரப்பால் வகுத்துப் படலத்தின் கனத்தைக் கண்டுபார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஆர்வமெல்லாம் அலைகளை அடக்குவதிலேதான்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் லாங்மியூர், போக்கெல்ஸின் முறையைத் திருத்தி, படலம் ஒரே மூலக்கூறு கனமுள்ளதென்று 1917-இல் தெளிவாக நிறுவினார். 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் எழுபது வயதுப் போக்கெல்ஸுக்குப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. போக்கெல்ஸின் தொட்டிக்கு இன்று வழங்குவது லாங்மியூரின் பெயர்! அவருடைய சகாவான காதரின் பிளாஜட் அம்மையார், இத்தகைய படலங்களைக் கண்ணாடிமீது ஒன்றன்மேல் ஒன்றாக 44 அடுக்குகள் ஏற்றி, ஒளி பிரதிபலிக்காத கண்ணாடியை 1938-இல் செய்துகாட்டினார்.

இதுவரையில் மூலக்கூறுகளை நெருக்கி நிறுத்தியது மனிதனின் கை. 1946-இல் வாஷிங்டனிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஜிஸ்மனும் அவர் சகாக்களும், கரைசலில் அமிழ்த்திய கண்ணாடியின் மேல், நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிரைப்போல, மூலக்கூறுகள் தாமாகவே தலையை ஊன்றி வாலை நிமிர்த்தி அணிவகுப்பதைக் கண்டார்கள். 1980-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஸ்தாபனத்தில் ஜேக்கப் சாகிவ், குளோரோசிலேன் வகை மூலக்கூறுகளைக் கண்ணாடியோடு ரசாயனப் பிணைப்பால் கட்டி, எளிதில் பெயராத படலம் சமைத்தார்.

பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த பாலிதயோபீனைக்கொண்டு மிட்சுபிஷி நிறுவனத்தார் 1986-இல் டிரான்சிஸ்டர் செய்தபோது, அந்தப் படலத்துக்கு ஒரு புதிய உத்தியோகம் காத்திருந்தது. கரிமக் குறைகடத்தியில் மின்சாரம் ஓடுவது மின்காப்புப் பொருளை ஒட்டிய முதற்சில மூலக்கூற்று அடுக்குகளில் மாத்திரமே. ஆகையால் அம்மேற்பரப்பில் மலிந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் சாதனமே முடங்கிவிடும். சிலேன் படலம் அவற்றை மூடிவிடுவதோடு, மேலே வளரும் பென்டசீன் என்னும் கரிமக் குறைகடத்தியின் படிகங்களும் ஒழுங்காக அமைய உதவுகிறது. 2007-இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஹாகன் கிளாவுக் குழுவினர், மெல்லிய அலுமினிய ஆக்ஸைடையும் அதன்மேல் தானாக அணிவகுத்த ஒரு மூலக்கூறு கனமுள்ள படலத்தையும் சேர்த்து மின்காப்பாக வைத்து, 1.5 முதல் 3 வோல்ட்டில் இயங்கும் சுற்றுக்களைச் செய்தனர்.

படலத்தையே டிரான்சிஸ்டரின் குறைகடத்தியாக்குவது அதற்கு அடுத்த ஆசை. அதைச் சாதித்துவிட்டதாக 2001-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹென்ட்ரிக் ஷோன் சகாக்களோடு 'நேச்சரில்' எழுதியதை உலகம் வியந்து படித்தது. ஆனால் மறுவருஷமே, விசாரணைக் குழு அவர்மீதான 24 ஆய்வு மோசடிக் குற்றச்சாட்டுகளில் 16-ஐ நிரூபணமானவை என்று கண்டதால், அக்கட்டுரை 2003-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே பத்திரிகையில் 2008-இல், ஐண்டோவன் நகரின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் அவர்தம் கூட்டாளிகளும் உண்மையாகவே அதைச் சாதித்ததாக அறிவித்தார்கள். அவர்கள் கையாண்ட மூலக்கூறில் ஐந்து தயோபீன் வளையங்கள் வரிசையாயிருந்தன. பதினோரு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி ஒன்று அவற்றை நங்கூரத்தோடு இணைத்தது. அந்த நங்கூரமாகிய சிலேனில் பிடிமானத்துக்கு ஒரே குளோரின் அணுவை மட்டும் வைத்ததால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தாறுமாறாகப் பின்னிக்கொள்ளாமல் தனித்தனியே கால் ஊன்றின. அத்தகைய டிரான்சிஸ்டர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த சுற்று ஒன்று, 15 இலக்க இருமக் குறியீட்டைப் பிழையின்றி வெளியிட்டது.