செவிலியருக்குக் கேட்காத குரல்

"சிஸ்டர், அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா?" மனநல மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. "கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால், தன்னை நம்ப ஆளில்லை என்று நோயாளி ஒடுங்கிவிடுவார். "ஆமாம், கேட்கிறது" என்று சமாதானத்துக்காகச் சொன்னாலோ, அந்தக் குரலுக்குச் செவிலியரே சாட்சி சொன்னதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதில் உண்டு: "எனக்குக் கேட்கவில்லை. ஆனால், உங்களுக்குக் கேட்கிறது, அது உங்களை அச்சுறுத்துகிறது என்பது புரிகிறது. என்ன சொல்கிறது?" பாடநூல்கள் கற்பிக்கும் பதில் இது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். நள்ளிரவில், நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் நின்று பதற்றமில்லாமல் சொல்வது வேறு.

மனச்சிதைவு நோய் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பாதிக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தந்த கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கட்டத்தில், பேசுபவர் எவரும் இல்லாத குரலைக் கேட்கிறார்கள். மருத்துவர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டுச் செல்கிறார். மற்ற நேரமெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியர். ஆனால், அவர் கவனிக்க வேண்டிய அறிகுறியைத் தொட்டுப் பார்க்க முடியாது, அளக்கவும் முடியாது. இந்தக் குறையை ஈடுசெய்ய மேலை நாடுகளிலும் கிழக்காசியாவிலும் மெய்நிகர் தொழில்நுட்பத்தின் உதவியை நாடத் தொடங்கியிருக்கிறார்கள்.

கண்ணையும் காதையும் மூடும் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளும் பயிற்சியாளர், ஒரு மருந்துக் கடையிலோ பேருந்திலோ இருப்பதாக உணர்கிறார். எங்கிருந்தோ ஏளனக் குரல்கள் எழுகின்றன. சுவரொட்டியில் இருக்கும் முகம் அவரைப் பார்த்துத் திரும்புகிறது. இதைத் திடீரென முளைத்த புதுமை என்று கருத வேண்டாம். இதன் வேர், சாதாரண ஒலிநாடாவில் இருக்கிறது.

அமெரிக்காவின் பட்ரிசியா டீகன் 17 வயதில் மனச்சிதைவு நோயாளி என்று அறிவிக்கப்பட்டவர். பின்னர் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மாயக் குரல்களைத் தாமே அறிந்திருந்த அவர், மனநலப் பணியாளர்களுக்காக ஒரு பயிற்சியை உருவாக்கினார். காதில் கருவியைப் பொருத்தி, வசைபாடும் குரல்களைக் கேட்டுக்கொண்டே அவர்கள் சில வேலைகளைச் செய்ய வேண்டும். வெளியே சென்று அந்நியர் ஒருவரிடம் பேச வேண்டும். மனநிலைப் பரிசோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சிறு கணக்கைக்கூட முடிக்க முடியாமல் தடுமாறும்போதுதான், "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று தாம் குறிப்பேட்டில் எழுதிவந்த வாசகம் எவ்வளவு அநியாயமானது என்பது அவர்களுக்கு உறைக்கிறது.

அடுத்த கட்டத்துக்கு இதைக் கொண்டுசென்றவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ். நோயாளிகளின் வாக்குமூலங்களைக் கொண்டு, 'செகண்ட் லைஃப்' என்னும் இணைய உலகில் மாயத் தோற்றங்களும் குரல்களும் நிறைந்த ஒரு மருத்துவமனைப் பகுதியை அவர் அமைத்தார். 2006-இல் வெளியான ஆய்வின்படி, இரண்டே மாதங்களில் 800 முறைக்கு மேல் அது பார்வையிடப்பட்டது. கருத்துச் சொன்னவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், மாயக் குரல்கள் பற்றிய தங்கள் புரிதல் கூடியதாகத் தெரிவித்தனர். தலைக்கருவி எதுவுமின்றி, சாதாரணக் கணினித் திரையில் நடந்தது இது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கருவி விற்பவர்களின் விளம்பரமாகிவிடும். இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, சங்கடமான உண்மையைச் சொல்கிறது. போலி அனுபவம் பரிவை வளர்க்கிறது. கூடவே, அந்த நோயாளிகளிடமிருந்து விலகியிருக்கும் விருப்பத்தையும் வளர்க்கிறது. 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இரு வழிகளை ஒப்பிட்டது. நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்லும் காணொலியைப் பார்த்த மாணவர்களிடம் வெறுப்பு குறைந்தது. மாயக் குரல்களைச் செயற்கையாகக் கேட்ட மாணவர்களிடம் விலகல் மனப்பான்மை கூடியது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பத்து நிமிடம் பயங்கரத்தை அனுபவித்துவிட்டுக் கருவியைக் கழற்றுபவரிடம் எஞ்சுவது பயங்கரம் மட்டும்தான். அந்தக் குரல்களோடு வேலைக்குப் போகிற, சமைக்கிற, பிள்ளை வளர்க்கிற மனிதரின் பல ஆண்டுப் பழக்கமும் சாமர்த்தியமும் அந்தப் பத்து நிமிடத்தில் அடங்காது. மெல்ல முணுமுணுத்துப் பாடியே குரலைத் தணிப்பவர்கள் இருக்கிறார்கள். "மாலை ஆறு மணிக்கு வா, பேசிக்கொள்ளலாம்" என்று குரலுக்கே நேரம் ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். 1987-இல் நெதர்லாந்தில் மனநல மருத்துவர் மாரியுஸ் ரொம்மே தொலைக்காட்சி வழியே அழைப்பு விடுத்தபோது, குரல் கேட்கும் நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் கணிசமானோர் குரல்களோடு ஒருவாறு ஒத்துப்போய் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அச்சத்தை மட்டும் கற்பிக்கும் பயிற்சியால் கதவைத் தாழிடும் செவிலியர்தாம் உருவாவார்கள்.

நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்றும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் 1984 முதல் இயங்கிவரும் 'ஸ்கார்ஃப்' அமைப்பின் மருத்துவர்கள் உள்ளிட்டோருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. கலிஃபோர்னியாவின் சான் மடேயோ, கானாவின் அக்ரா, நமது சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் அடையாளம் தெரியாத, வன்முறை தோய்ந்த குரல்கள் கேட்டன. சென்னையிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினர்களின் குரல். வீட்டுப் பெரியவர்களைப் போல அவை ஏசின, புத்தி சொன்னன, குளிக்கவும் சமைக்கவும் கடைக்குப் போகவும் ஏவின. மூன்று ஊர்களில் 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். சென்னையில் கொடிய குரல்களே இல்லை என்றும் பொருளில்லை. ஆனாலும், ஆங்கிலத்தில் கொலை மிரட்டல் விடுக்கும் அயல்நாட்டு மென்பொருளைக் கேட்டுப் பழகிய செவிலியர், "செத்துப்போன அத்தை திட்டிக்கொண்டே இருக்கிறாள்" என்று தயக்கத்தோடு சொல்லும் பெண்ணை அடையாளம் காண்பாரா? நமக்கு வேண்டிய குரல்கள் நம் மொழியில், நம் வீட்டுச் சொற்களில், இங்கே மீண்டுவந்தவர்களின் ஒப்புதலோடும் அவர்களுக்குரிய ஊதியத்தோடும் பதிவு செய்யப்பட வேண்டும்.

மெய்நிகர் பயிற்சியில் இன்னொரு வகையும் உண்டு. அதிகம் பேசப்படாத அதுவே கூடுதல் பயனுள்ளது என்பது என் கருத்து. இதில் பயிற்சியாளர் நோயாளியாக மாறுவதில்லை; செவிலியராகவே இருந்து, திரையில் தோன்றும் நோயாளியிடம் பேசுகிறார். குரல் கட்டளையிடுகிறதா, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா, அதற்குக் கீழ்ப்படியத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கப் பழகுகிறார். கேட்டால் விபரீதமாகிவிடுமோ என்ற தயக்கத்தில் விட்டுப்போகும் கேள்விகள் இவை. இங்கே தவறாகக் கேட்டால் யாருக்கும் காயமில்லை, மீண்டும் தொடங்கலாம்.

மூன்று நோயாளிகளை அடுத்தடுத்து நிறுத்தலாம். மூவரும் "அறையில் யாரோ நிற்கிறார்கள்" என்கிறார்கள். முதலாமவர் நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர். அவருக்குத் தேவை உடனடி உடல் பரிசோதனை. சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோகூடக் காரணமாகலாம். இரண்டாமவர் எலும்பு முறிவுக்காகச் சேர்ந்து, மது கிடைக்காமல் மூன்றாம் நாளில் இருப்பவர். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்றாமவருக்கு லூயி உடல் சார்ந்த மறதி நோய். குழந்தைகளும் சிறு விலங்குகளும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. மனநோய்க்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகள் அவருக்குக் கடும் தீங்கு செய்யக்கூடும். தோற்றம் ஒன்று, செவிலியர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி மூன்று. இந்தப் பகுத்தறியும் திறனை எந்த நோயாளியையும் பணயம் வைக்காமல் பழக்க, இதைவிட வசதியான வழி எளிதில் கிடைக்காது.

விலையுயர்ந்த தலைக்கருவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டீகனின் முறைக்கு ஒரு கைப்பேசியும் காதொலிக் கருவியும் போதும். ஆனால், பயிற்சிக்குப் பிறகு உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. குரல்களோடு வாழ்ந்த ஒருவர் அதில் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாணவியருள் எவரேனும் தாமே மனநோயைக் கடந்து வந்தவராக இருக்கலாம். காரணம் கேட்காமல் அவர் விலகிக்கொள்ள இடமளிக்க வேண்டும். தலைக்கருவி சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் தரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி பெற்ற செவிலியரும், ஒரே இரவில் ஒரு கூடம் முழுவதையும் தனியாகப் பார்க்க நேர்ந்தால், எந்த நோயாளியின் அருகிலும் உட்கார்ந்து "என்ன சொல்கிறது?" என்று கேட்க முடியாது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 31-ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கேற்ப மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்கு உயர்த்தப் பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்று அரசுகளைப் பணிக்கிறது. அந்தக் கெடு 2028-இல் முடிகிறது.