புரியுள்ள குழலும் புரியில்லாத குழலும்



சென்ற மாதம் மாணவர்களை உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் தீமா வழியாகத் தேக்காவுக்கு அழைத்துச் சென்றோம். 'ரைபிள் ரேஞ்ச் சாலை' என்னும் பெயர்ப்பலகையைக் கண்ட ஒரு மாணவன், "ஐயா, ரைபிளுக்குத் தமிழில் என்ன?" என்றான். "துப்பாக்கி" என்றேன். "மஸ்கட்டுக்கு?" அதற்கும் துப்பாக்கிதான்! துருக்கிய மொழிவழி வந்த அச்சொல் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ஆனால் அவ்வேறுபாட்டில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. ரைபிளின் குழலிலோ திருகாணியின் மரைபோலப் புரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தடுமாறாமல் செல்லும். 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அதை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கி, குழலின் உட்புறத்தை அறுகோணமாகவும் அமைத்தார். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதற்சூடு சுட்டது இவருடைய ரைபிளால்தான். தூரம் 400 கஜம்.

பின்னர், பின்புறம் தோட்டா இட்டு ஒருமுறை மட்டும் சுடும் ரைபிள்கள் வந்தன. 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அயர்லாந்து அணி, முன்வாய் வழியாக மருந்திடும் ரிக்பி ரைபிள்களோடு வந்தது. அமெரிக்கர் கையில் இருந்தவை பின்புறம் தோட்டா இடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன். 800, 900, 1000 கஜம் என மூன்று தூரங்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931! அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப்போய்ப் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியைச் சுட்டுவிட்டார். அந்த 4 புள்ளிகள் சேர்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

அந்தக் காலத்து ரைபிள்களை இன்றும் புதிதாகச் செய்விக்கும் ஆர்வலர்கள் மேலை நாடுகளில் உள்ளனர். இத்தாலியின் கார்தோனே ஊரில் பெதர்சோலி நிறுவனம் விட்வொர்த், ஷார்ப்ஸ் மாதிரிகளைச் செய்கிறது. சிலர் வெடிப்பொறி அமைப்பு ஒன்றைத் தேர்ந்து, விரும்பிய புரியில் குழல் வெட்டுவித்து, வாதுமை மரக்கட்டையில் பொருத்தி, அளவுகோல் பொறித்த உயரமான குறிகாட்டியும் வைத்துக்கொள்கிறார்கள். கரும்மருந்தும் கனத்த ஈயக்குண்டுமே பயன்படுத்துகிறார்கள். பொறுமை மிகுந்த கைவேலை. எனக்கு வியப்பாகவே இருக்கிறது. (நம் ஊர்ச் சட்டத்தில் இதையெல்லாம் வீட்டில் முயல நினைக்கவே வேண்டாம்!)

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டிலேயே தனி வகை ஒன்றைச் செய்வித்தனர். வெளித்தோற்றம் அதேதான். உள்ளே புரி இல்லை. குழல் வழவழப்பாகக் குடையப்பட்டிருந்தது. 900 கஜம்வரை அளவு குறித்த குறிகாட்டிக்குப் பதிலாக, அசையாத எளிய குறிகாட்டி. ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவனுக்குத் தொலைவு கிட்டும். மற்றவனுக்கு ஏறத்தாழ 100 கஜத்தோடு சரி. நம்பிக்கையின்மையை இரும்பிலேயே கடைந்து கொடுத்தார்கள் என்பேன்.

இது நமக்கு எங்கோ நடந்த செய்தியன்று. 1867வரை சிங்கப்பூர் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டது. சென்னைப் படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் இங்கே காவல் இருந்தார்கள். அவர்கள் தங்கிய இடம்தான் இன்றைய பொது மருத்துவமனையை ஒட்டிய 'செபாய் லைன்ஸ்'. அதே காலத்தில், 1854இல், ஐரோப்பியக் குடிமக்கள் இங்கே தொடங்கிய தொண்டர் படைக்குப் பெயரே 'சிங்கப்பூர் வாலண்டியர் ரைபிள் கோர்'. ஒரு பெயரில் ரைபிள், மற்றொன்றில் வெறும் சிப்பாய்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு குழல்களை வரைந்து, ஒன்றின் உள்ளே மட்டும் புரி போட்டேன். கேள்வி கேட்ட மாணவன் தன் குறிப்பேட்டில் 'ரைபிள் – புரித்துப்பாக்கி' என்று தானாகவே எழுதிக்கொண்டான். அகராதியில் இருக்கிறதோ இல்லையோ, நான் அதைத் திருத்தவில்லை. அடுத்த பயணம் செபாய் லைன்ஸ் பக்கம்.