கெட்டி எண்ணெயும் மெல்லிய படலமும்: ஆலங்குடி வட்டாரப் பாசன எந்திரங்களை முன்வைத்து

எண்ணெயை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால்தான் எஞ்சின் தேயாது என்று முடிவுகட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் வலுவாக உண்டு. அதற்கு நேர் எதிரான சான்று ஆலங்குடி வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளுக்குள்ளேயே கிடக்கிறது. வடகாடு, கீரமங்கலம் போன்ற ஊர்களின் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் நீர்மூழ்கி மோட்டார்களில் நீர் நிரப்பிய வகையை எடுத்துக்கொள்வோம். அதன் பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை; உள்ளே நிரப்பிய தண்ணீரேதான் மசகு. 30 டிகிரி வெப்பத்தில் நீரின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, சுமார் 0.8 மில்லிபாஸ்கல்-நொடி. 40 தர எஞ்சின் எண்ணெய்க்கோ, 100 டிகிரிக்குச் சூடேறிய பிறகும் அது 12 அளவில் இருக்கும். சுமார் பதினைந்தில் ஒரு பங்கே கெட்டியான இந்தத் 'தண்ணி'யை நம்பித்தான், பம்பின் கீழ்நோக்கிய அழுத்தம் முழுவதையும் சுமந்துகொண்டு, கார்பன் தட்டு எஃகுத் துண்டுகளின்மேல் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குமேல் சுழல்கிறது.

இது எப்படி முடிகிறது என்பதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. 1883இல் பிரிட்டனில் பூசாம்ப் டவர் பேரிங்குகளைச் சோதித்தபோது, எண்ணெய் ஊற்றுவதற்காக இட்ட துளையில் அடித்துவைத்த மரக்கட்டையைத் தண்டின் சுழற்சியே வெளியே தள்ளியது. சுமையைத் தூக்கி நிறுத்துமளவு அழுத்தம் எண்ணெய்ப் படலத்துக்குள் தானாகவே பிறக்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது. அதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் தந்தார். படலத்தின் கனத்தைப் பாகுநிலை, வேகம், சுமை ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வேகம் போதுமானால் தண்ணீரும் போதும். 1902இல் ஸ்ட்ரிபெக் வெளியிட்ட அளவீடுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின: படலம் முழுமையாகும்வரை உராய்வு சரிகிறது, அதற்குமேல் பாகுநிலையைக் கூட்டினால் உராய்வு மறுபடி ஏறுகிறது. உலோகங்கள் ஏற்கெனவே பிரிந்துவிட்ட நிலையில், மிகைக் கெட்டித்தன்மை எண்ணெயின் அடுக்குகளையே ஒன்றோடொன்று இழுபறியில் விடுகிறது. எஞ்சினில் அந்த இழுபறிக்குச் செலவாவது டீசல்.

நம்முடையது வெயில் பூமி, இங்கே கெட்டி எண்ணெய்தானே பொருந்தும் என்று கேட்கலாம். நீரால் குளிரும் எஞ்சினில் வெப்பத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். சித்திரைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசம் அந்த எஞ்சினின் பேரிங்கில் அவ்வளவாகத் தெரியாது. கெட்டி எண்ணெய் ஊற்றியதும் பிரஷர் மீட்டர் முள் ஏறுகிறதே என்பார்கள். அந்த முள் எண்ணெய் ஓடத் திணறுவதையும் காட்டும். படலத்தின் கனத்தை அது அளப்பதில்லை. இன்னொரு மறுப்பு இவற்றைவிட வலுவானது: வேகம் குறைந்து சுமை கூடிய இடத்தில் படலம் அறுந்துபோகுமே? உண்மை. மாட்டு வண்டி அச்சுக்குக் கெட்டி மசகு இட்டவர்கள் சரியாகவே செய்தார்கள். தேய்ந்து இடைவெளி பெருத்த பழைய எஞ்சினுக்கும் ஒரு தரம் கூடுதலான எண்ணெய் சில காலம் கைகொடுக்கும். நீர்மூழ்கி மோட்டாரிலும் தேய்மானம் பெரிதும் நேர்வது ஓட்டத்தில் அல்ல, வேகம் போதாத தொடக்க, நிறுத்தக் கணங்களில்தான். அடிக்கடி போட்டு நிறுத்துவது அதற்கு ஆகாது. ஆனால் இந்த விதிவிலக்குகள் எல்லாமே வேகத்தையும் சுமையையும் கணக்கில் கொண்டவை. விரலுக்கு அந்த இரண்டும் தெரியாது. ஆகவே நல்ல நிலையிலுள்ள டிராக்டர் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் தரமே சரியானது. அதைவிடக் கெட்டியானதை ஊற்றுவது பாதுகாப்பு அல்ல, வீண் செலவு.